ஃபுட்பால் மேனேஜரில் சீசனுக்கு முந்தைய ஆறு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி சேகா வெளியிடும், ஒரு கால்பந்து கிளப்பை மேனேஜராக இருந்து நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் கேமை புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது யாரை வாங்கலாம் என்றுதான். அடுத்த கேள்வி, "ஜூலை முழுக்க, நாட்களை நகர்த்தும் 'கன்டினியூ' பொத்தானை அழுத்திக்கொண்டே போய்விடலாமா?" என்பது. போகலாம், ஆனால் போகாதீர்கள். அந்த ஆறு வாரத்தில் செய்ததும் செய்யாமல் விட்டதும் டிசம்பர் வரை பின்னாலேயே வரும். பல சீசன்களாகக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கை மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் அதிகம் ஆடியது அங்கேதான்.

ப்ரீசீசனில் நான் சாதிக்க வேண்டியது என்ன?

முதல் லீக் ஆட்டத்தன்று பதினோரு பேரும், பெஞ்சில் நாலைந்து பேரும், கால் ஓய்ந்துபோகாமல் தொண்ணூறு நிமிடம் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். உங்கள் ஆட்டமுறையும் அவர்களுக்கு ஓரளவு பழகியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பலர் இதை வீரர்களை வளர்க்கும் காலம் என்று நினைக்கிறார்கள். கேமில் திறன்கள் 1 முதல் 20 வரை அளக்கப்படுகின்றன. ஸ்டாமினா 11 உள்ள ஒருவர் ஆறு வார ஓட்டத்தில் 15-ஐத் தொடமாட்டார். திறன்கள் நகர்வது மாதக் கணக்கில், வருடக் கணக்கில். ஆறு வாரத்தில் மாற்ற முடிவது அவர் இன்று எந்த நிலையில் இருக்கிறார் என்பதை மட்டும்தான்.

கண்டிஷன், மேட்ச் ஷார்ப்னஸ், களைப்பு என்று மூன்று வருகிறதே. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கண்டிஷன் என்பது இன்றைய தெம்பு. புதிய பதிப்புகளில் இதய வடிவக் குறியாகவும், பழையவற்றில் சதவீதமாகவும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சரியும், இரண்டு மூன்று நாளில் மேலே வரும். கண்ணில் படுவது இது என்பதால் எல்லோரும் இதை மட்டுமே பார்க்கிறார்கள்.

மேட்ச் ஷார்ப்னஸ் என்பது ஆடிப் பழகிய கூர்மை. விடுமுறையில் இது மழுங்கிவிடும். மைதானத்தைச் சுற்றி எவ்வளவு ஓடவிட்டாலும் பெரிதாக ஏறாது. ஏற வேண்டுமென்றால் ஆட்டத்தில் நிமிடங்கள் வேண்டும். நட்பு ஆட்டங்கள் இருப்பதே இதற்காகத்தான்.

மூன்றாவது, உள்ளுக்குள் சேரும் களைப்பு. மெதுவாக ஏறி மெதுவாகவே இறங்கும். இதயக் குறி பச்சையாக இருக்கும்போதே உள்ளே களைப்பு தேங்கியிருக்கலாம். மருத்துவ மையத்தில் காய அபாயப் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் ஓய்வு இதைத் தீர்க்காது. இதோடு ஒருவர் சீசனுக்குள் நுழைந்தால், செவ்வாயும் சனியும் ஆட்டம் வரும் மாதங்களில் அதை இறக்க உங்களுக்கு நாளே கிடைக்காது.

ஆக, ஜூலையின் வேலை இதுதான்: கண்டிஷனை மீட்க வேண்டும், ஷார்ப்னஸை ஏற்ற வேண்டும், அதைச் செய்யும்போது களைப்பைத் தேங்கவிடக் கூடாது. முதல் இரண்டுக்கும் எதை அதிகமாகச் செய்தாலும் மூன்றாவது ஏறும். எல்லா முடிவுகளும் இந்த இழுபறிக்குள்தான் வருகின்றன.

ஆறு வாரம் கட்டாயமா?

அது லீக்கைப் பொறுத்தது. இங்கிலாந்தில் கீழ் லீக்குகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பிக்கும், ஜூன் கடைசியில் வீரர்கள் திரும்பினால் ஐந்தாறு வாரம் கிடைக்கும். நார்வே, ஸ்வீடன் லீக்குகள் வசந்தத்தில் தொடங்கி குளிர்காலத்துக்கு முன் முடிபவை. அங்கே இடைவெளி நீளம், இரண்டு மாதத்துக்கு மேலும் நிதானமாகத் திட்டமிடலாம். பிரேசிலில் நேர் எதிர். ஜனவரியிலேயே மாநில சாம்பியன்ஷிப் வந்துவிடும், அதன் முதல் ஆட்டங்களையே பயிற்சி ஆட்டம்போல் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

வேல்ஸ், மால்டா போன்ற நாட்டுச் சாம்பியன் அணியை நடத்துகிறீர்களா? சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று உங்களுக்கு ஜூலை தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த இரண்டு ஆட்டத்தின் பரிசுப் பணம் ஒரு சிறிய கிளப்புக்குப் பெரிய தொகை. நட்பு ஆட்டங்களை ஜூனிலேயே போட்டுவிடுங்கள். கேமில் கிடைக்கும் வழக்கமான ப்ரீசீசன் அட்டவணையை அப்படியே நம்பி இருந்தால் அணி பாதி தயாராகத்தான் நிற்கும்.

வாரங்களை எப்படிப் பிரிப்பது?

2019 பதிப்பில் பயிற்சிப் பகுதி முழுவதும் மாறியது. ஒரு நாளுக்கு மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு செஷன், வாரம் முழுக்க நாமே நிரப்பலாம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று முதலில் கை அரிக்கும். அதுதான் முதல் தவறு. மூன்றாவது கட்டத்தை ப்ரீசீசன் முழுக்க நான் காலியாகவே விடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் உடலுக்கு. என் வழக்கமான முதல் வாரம் இப்படி இருக்கும். திங்கள் காலை எண்டூரன்ஸ் (தாங்குதிறன்), மதியம் டீம் பாண்டிங் (வீரர்கள் ஒருவரோடொருவர் பழகும் செஷன்). செவ்வாய் காலை ரெசிஸ்டன்ஸ் (வலிமை), மதியம் பந்தோடு ஒரு லேசான செஷன். புதன் காலை ரெக்கவரி, மதியம் ஒன்றுமில்லை. வியாழன் காலை மறுபடி எண்டூரன்ஸ், மதியம் தற்காப்பு அமைப்புக்கான செஷன். வெள்ளி காலை குயிக்னஸ் (வேகம்) மட்டும். சனிக்கிழமை நம் கிளப்பின் இளையோர் அணியோடு ஒரு ஆட்டம், பாதி நேரத்தில் முழு அணியையும் மாற்றிவிடுவேன். ஞாயிறு ஓய்வு.

புதன்கிழமை அந்த வெற்றிடம் வீணாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள். விடுமுறை முடித்து வந்த உடம்புக்கு மூன்றாம் நாள்தான் வலி கூடும். கேமிலும் முதல் வாரத்தின் நடுவில் கண்டிஷன் சரிவதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் உடற்பயிற்சி செஷன்களை வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று குறைத்து, அந்த இடத்தில் ஆட்டமுறை செஷன்களையும் 'மேட்ச் ப்ராக்டிஸ்' செஷனையும் கொண்டுவருகிறேன். போர்த்துகலில் விட்டோர் ஃப்ராடே உருவாக்கிய பயிற்சி முறையின் அடிப்படையே இதுதான்: உடல், நுட்பம், ஆட்டமுறை மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல், நாம் எப்படி ஆடப்போகிறோமோ அதை ஆடியே உடலையும் தயார்செய்வது. கேமின் இப்போதைய பயிற்சி அமைப்பிலும் அந்தச் சிந்தனையின் தடம் தெரிகிறது.

கடைசி இரண்டு வாரம் இறக்கம். சுமை குறையும், ஆட்ட நிமிடம் கூடும். செட் பீஸ் செஷன்கள் இங்கேதான். கீழ் லீக்கில் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வரும் கோல்கள்தான் பல நேரம் சோறு போடும்.

கோல்கீப்பர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு செஷனைத் தேர்ந்தெடுத்தால் அதில் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும். சில செஷன்களில் கோல்கீப்பருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வாரத்துக்கு ஒரு தனி கோல்கீப்பிங் செஷன் போட்டால் சரியாகிவிடும்.

நிஜத்தில் வாந்தி எடுக்கும்வரை ஓடவிடுகிறார்களே. நாம் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

2022 ஜூலையில் டாட்டன்ஹாம் அணி சோல் நகரில் இருந்தபோது அதன் அப்போதைய மேனேஜர் அன்டோனியோ கான்டேயும் அவருடைய ஃபிட்னஸ் கோச் ஜான் பியேரோ வென்ட்ரோனேவும் நடத்திய பயிற்சியைத்தான் சொல்கிறீர்கள். புழுக்கத்தில், நீண்ட செஷனின் கடைசியில், மைதானத்தின் நீளத்தை மீண்டும் மீண்டும் ஓடவைத்தார்கள். ஹாரி கேன் வாந்தி எடுத்தார், சன் ஹியுங்-மின் தரையில் சாய்ந்தார். அந்த சீசனில் முதல் ஏழு லீக் ஆட்டங்களில் அவர்கள் தோற்கவில்லை. முடித்தது எட்டாம் இடத்தில். அந்தச் சரிவுக்கு வேறு பல காரணங்கள் உண்டு, ஓட்டத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

ஆனால் அவர்களிடம் இருந்த மருத்துவக் குழு, இரண்டு அணிக்குப் போதுமான வீரர்கள், தூக்கம் முதல் சாப்பாடு வரை கவனிக்கும் ஆட்கள், இவை எதுவும் நான்காம் நிலை கிளப்பில் கிடையாது. உங்களிடம் இருபத்திரண்டு பேரும் ஒரு ஃபிசியோவும் இருப்பார்கள். லெஃப்ட் பேக்குக்கு மாற்று ஆளே இருக்காது.

'டபுள் இன்டென்சிட்டி' வைக்கலாமா?

ஒருவரின் கண்டிஷனைப் பொறுத்து பயிற்சியின் கடுமையைத் தானாக மாற்றும் வசதி கேமில் இருக்கிறது. முழு நலத்தில் இருப்பவருக்கு இரட்டிப்பு, கொஞ்சம் தளர்ந்தவருக்குச் சாதாரணம், அதற்கும் கீழே பாதி, மிகத் தளர்ந்தவருக்கு ஓய்வு என்று நாமே வரையறுக்கலாம். என் பதில்: சீசன் நடுவில் ஆட்டமே கிடைக்காத இளைஞர்களுக்கு வையுங்கள். ஜூலையில் யாருக்கும் வேண்டாம்.

ஒரு சீசனில் எனக்கு அவசரம். புது அணி, எதிரணியைத் துரத்தி அழுத்தும் வேகமான ஆட்டம் ஆட ஆசை, எல்லோருக்கும் இரட்டிப்பு வைத்தேன். இரண்டாவது வாரத்துக்குள் நான்கு பேருக்குத் தசைக் காயம், அதில் இருவர் சென்டர் பேக். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பதினெட்டு வயதுப் பையனைத் தற்காப்பின் நடுவில் நிறுத்தினேன். அந்தப் பையன் ஆடிய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது, பாவம், அவன் மேல் ஒரு தவறும் இல்லை.

நிஜ உலகிலும் இதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் 2016-ல் எழுதிய கட்டுரை பயிற்சி உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. அதிகச் சுமையே கெட்டது என்று அவர் சொல்லவில்லை. படிப்படியாக ஏறிய சுமை உடலைக் காக்கவும் செய்யும், திடீரென்று எகிறும் சுமைதான் காயத்தோடு அதிகம் சேர்ந்து வருகிறது என்றார். சமீபச் சுமையை முந்தைய வாரங்களின் சுமையோடு ஒப்பிட அவர் முன்வைத்த விகிதக் கணக்கைப் பற்றிப் பின்னால் நிறைய விவாதம் நடந்தது. ஆனால் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்ற அடிப்படையைப் பயிற்சியாளர்கள் விடவில்லை. விடுமுறையில் சும்மா இருந்த உடம்புக்கு முதல் வாரமே இரட்டிப்பு என்பது அந்தத் திடீர் எகிறல்தான்.

எத்தனை நட்பு ஆட்டம்? யாரோடு?

ஆறு வாரத்துக்கு ஆறு முதல் எட்டு. முதல் இரண்டும் நம்மைவிடத் தெளிவாகக் கீழே உள்ள அணிகளோடு, முடிந்தால் நம் இளையோர் அணியோடு. அதில் ஒருவரும் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆடக் கூடாது. நடுவில் நம் தரத்திலுள்ள அணிகள், அறுபது எழுபது நிமிடம். கடைசி இரண்டில், முதல் லீக் ஆட்டத்தில் இறங்கப்போகும் பதினோரு பேரையே தொண்ணூறு நிமிடம் ஆடவிடுங்கள்.

பெரிய கிளப் ஒன்றை அழைத்தால் டிக்கெட் வருமானம் வரும், கீழ் லீக்கில் அந்தப் பணம் உதவும். ஆனால் அதைக் கடைசி ஆட்டமாக வைக்காதீர்கள். ஐந்து கோல் வாங்கிய மனநிலையோடு லீக்குக்குள் போக வேண்டாம். அந்த ஆட்டத்தை நடு வாரங்களில் வைத்துவிட்டு, கடைசியை வெல்லக்கூடிய ஆட்டமாக வையுங்கள். மனத்தெம்பு கேமில் உண்மையாகவே கணக்கில் வரும் விஷயம்.

ஒரு வாரத்தில் இரண்டு ஆட்டம் வைத்தால் அந்த வாரம் உடற்பயிற்சி செஷன் வேண்டாம். ஆட்டமே சுமைதான்.

புது ஆட்டமுறையை எப்போது பழக்குவது?

முதல் நாளிலிருந்தே தேர்வுசெய்து வைத்துவிடுங்கள். பழக்கத்தின் அளவுகோல் அழுத்தம், பாஸ் முறை, வேகம், அகலம் என்று தனித்தனியாக ஏறும். கேம் மூன்று ஆட்டமுறைகளை ஒரே நேரத்தில் வைத்திருக்க இடம் தருகிறது. மூன்றும் மூன்று திசையில் இருந்தால் பழகும் நேரம் சிதறிப்போகும். ஒன்றை முதன்மையாக வைத்து, இரண்டாவதை அதிலிருந்து சிறிய மாற்றத்தோடு வைத்தால் ஆகஸ்டில் நிம்மதி. ஜூலை கடைசி வாரத்தில் மனம் மாறி ஃபார்மேஷனை மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள்.

டீம் பாண்டிங் செஷன் நேர விரயமா?

நான்கைந்து புது வீரர்கள் வந்திருந்தால் அது மிக முக்கியம். அணியின் ஒற்றுமை குறைவாக இருந்தால் பாஸ் தவறுவதும் நின்று பார்ப்பதும் கூடும். முதல் மூன்று வாரத்தில் வாரத்துக்கு ஒன்று போடுங்கள். களைப்பும் ஏறாது. மாற்றமே இல்லாத பழைய அணி என்றால் ஒன்றே போதும்.

உலகக் கோப்பை ஆடிவிட்டுத் தாமதமாக வருபவரை என்ன செய்வது?

இது பெரிய கிளப் நடத்துபவர்களின் தலைவலி. 2026 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் தேதி ஜூலை 19. அதுவரை ஆடியவருக்கு மூன்று வார விடுப்பு என்றாலே ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஆகிவிடும்.

2025-ல் கிளப் உலகக் கோப்பை இறுதி ஜூலை 13 அன்று நடந்தது. அதில் ஆடிய பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் சரியாக ஒரு மாதம் கழித்து, ஒரு வார அளவே பயிற்சியோடு, ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் டாட்டன்ஹாமை எதிர்கொண்டது. 85-வது நிமிடம் வரை 0-2 என்று பின்தங்கியிருந்தது. பிறகு இரண்டு கோலையும் திருப்பி, பெனால்டியில் வென்றது. திறமை காப்பாற்றியது என்பது சரி. ஆனால் அந்த எண்பது நிமிடத்தைப் பார்த்தவர்களுக்கு, பயிற்சியில்லாத கால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும். உங்கள் அணியில் பெனால்டி வரை இழுத்துக் காப்பாற்றும் திறமை இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

கேமில் நான் செய்வது இது. வந்ததும் அவரை முதன்மை அணியின் ஆட்டத்தில் இறக்குவதில்லை. ஒரு வாரம் பாதிக் கடுமையில் பயிற்சி. பிறகு இளையோர் அல்லது இரண்டாம் அணியில் நாற்பத்தைந்து நிமிடம், அடுத்து அறுபது நிமிடம். லீக்கில் கடைசி இருபது நிமிடம் மாற்றாளாக. செப்டம்பர் சர்வதேச இடைவேளைக்குப் பிறகு முழு ஆட்டம். இரண்டு மூன்று லீக் ஆட்டம் அவரை இழப்பீர்கள், ஆனால் பிப்ரவரியிலும் அவர் உங்களோடு இருப்பார்.

முப்பத்துமூன்று வயதுக்காரருக்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கும் ஒரே பயிற்சியா?

அட்டவணை ஒன்றாக இருக்கலாம், கடுமை ஒன்றாக இருக்கக் கூடாது. பார்க்க வேண்டியது வயதைவிட 'நேச்சுரல் ஃபிட்னஸ்' எண்ணை. அது குறைவாக உள்ள மூத்தவர் விடுமுறைக்குப் பின் பழைய நிலைக்கு வர அதிக நாள் எடுப்பார். அவருக்குத் தனிப்பட்ட கூடுதல் பயிற்சியை எடுத்துவிட்டு, வாரத்தின் நடுவில் ஒரு நாள் தனியாக ஓய்வு கொடுக்கிறேன். இளையவருக்கு வேகம் அல்லது வலிமையில் தனிக் கவனம் வைக்கலாம். மொத்தச் சுமை அதிகம் என்று காட்டினால் உடனே எடுத்துவிடுங்கள், சிலர் வந்து புகார் சொல்வார்கள், அதற்குள் பாதிப்பு தொடங்கியிருக்கும்.

கடந்த சீசனில் பெரிய காயம் பட்டு இப்போதுதான் திரும்புகிறார். அவரை?

ப்ரீசீசன் அட்டவணையிலிருந்து மனதளவில் அவரை எடுத்துவிடுங்கள். அவருடைய ப்ரீசீசன் மற்றவர்களைவிட இரண்டு மூன்று வாரம் தள்ளித் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

துணை மேனேஜரிடமே விட்டுவிடலாமா?

தாராளமாக, அவர் நல்லவராக இருந்தால். ஆனால் இரண்டு வேலைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நட்பு ஆட்டங்களை ஏற்பாடு செய்வது. இரண்டு, வாரத்துக்கு ஒருமுறை மருத்துவ மையத்தைத் திறந்து பார்ப்பது. பணம் இருந்தால் வீரர்களின் சுமையையும் காய அபாயத்தையும் கவனிக்கும் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்டை அமர்த்துங்கள். கீழ் லீக்கில் கூடுதலாக ஒரு ஸ்ட்ரைக்கருக்குத் தரும் சம்பளத்தைவிட அது நல்ல செலவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போகலாமா?

கிளப்புக்குப் பணமும் பெயரும் வரும். ஆட்டங்களுக்கு நடுவே போதிய நாள் இருந்தால் போங்கள். மூன்றாவது நான்காவது வாரம் பொருந்தும், கடைசி வாரம் பொருந்தாது.

முதல் லீக் ஆட்டத்தின் வாரத்தில் என்ன செய்வது?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. திங்கள் ஒரு ஆட்டமுறை செஷன், செவ்வாய் மேட்ச் ப்ராக்டிஸ், புதன் ஓய்வு, வியாழன் செட் பீஸ், வெள்ளி எதிரணியைப் பற்றிய முன்னோட்டம். ஓட்டம் வேண்டாம். இதுவரை ஏறாதது இந்த வாரம் ஏறப்போவதில்லை.

எல்லாம் செய்தும் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றுவிட்டேன். பயிற்சியைக் கூட்டவா?

வேண்டாம். முதலில் அந்த மூன்று ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். கோல் விழுந்தது அங்கே என்றால், வீரர்கள் எதிராளியின் பின்னால் நடந்து வருகிறார்கள் என்றால், பிரச்சினை உடலில். அதற்கு மருந்து ஓய்வும், முன்கூட்டியே மாற்று வீரரை இறக்குவதும். கோல்கள் முதல் பாதியிலேயே விழுகின்றன என்றால் உடலில் குறையில்லை, ஆட்டமுறையைப் பாருங்கள். இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் 46 ஆட்டங்கள் உண்டு. மூன்று போனால் இன்னும் நாற்பத்துமூன்று இருக்கின்றன, அவற்றில் பல செவ்வாய் இரவு மழையில், மூன்று நாள் முன்பு ஆடிய அதே கால்களோடு ஆட வேண்டியவை. ஆகஸ்டில் பயந்து சுமையைக் கூட்டினால் அந்தக் கால்கள் நவம்பரில் உங்களிடம் இருக்காது.